மூணாவது ஆள்

டெரிக்: சத்தியம் பண்ணியே சொல்றேன் கண்ணு. மேசை மேல கை வெச்சிருக்கேன், பாத்துக்கோ. இனிமே நான் சொல்லப்போறதுல ஒரு வார்த்தை பொய் கிடையாது.

டோல்மன்: நான் உங்க பேரைத்தானே சார் கேட்டேன்.

டெரிக்: அதுக்கும் சேத்துதான். டெரிக் ஹௌல். முதல் உண்மை.

நோரீன்: டீ ஆறுது மிஸ் டோல்மன். அவர் இப்படித்தான். நீங்க குடிங்க.

டோல்மன்: தேங்க்ஸ் மேடம். வாசல்லயே சொன்னேன், இவருக்காக மறுபடியும் சொல்லிடறேன். ஊர் கவுன்சில்ல வாடகை வீடுகளைப் பாக்கற பிரிவுல இருக்கேன். வீட்டுக்குச் சொந்தக்காரங்க உள்ளயே குடியிருந்துகிட்டு ரெண்டு பேருக்கு ரூம் விட்டா நாங்க ஒண்ணும் கேக்கறதில்ல. மூணாவது ஆள் வந்தா லைசென்ஸ் வாங்கணும். இந்தத் தெருவுக்கு அந்த விதி இப்பதான் வந்திருக்கு.

நோரீன்: வாங்கிட்டாப் போச்சு.

டோல்மன்: வாங்கலாம். ஆனா லைசென்ஸ்னா ரூமை அளப்போம். இங்க குடியிருக்கற கெல்வின் ரூம் சரியா இருக்கு. மாரெக் ரூமும் சரி. படிக்கட்டுக்கு மேல இருக்கற அந்தச் சின்ன ரூம்...

டெரிக்: அதை ரூம்னு சொன்னதுக்கே உனக்கு நன்றி.

டோல்மன்: கதவைத் திறந்தா கட்டில்ல இடிக்குது சார். ஒரு ஆள் படுக்கச் சட்டம் சொல்ற அளவு அதுல இல்ல. லைசென்ஸ் குடுத்தா, அங்க யாரும் தூங்கக் கூடாதுன்னு சொல்லித்தான் குடுப்போம்.

நோரீன்: அப்ப இவரு?

டோல்மன்: வேற இடம் பாத்துக்கணும். அவகாசம் குடுப்போம்... ஆனா போகணும்.

நோரீன்: ... சர்க்கரை போதுமா உங்களுக்கு?

டோல்மன்: போதும் மேடம். மிஸ்டர் ஹௌல், எவ்வளவு நாளா இங்க வாடகைக்கு இருக்கீங்க?

டெரிக்: நான் வாடகைக்கு இல்லியே.

நோரீன்: மிஸ்டர் ஹௌல்...

டெரிக்: வாடகைக்கு இருக்கறது கெல்வினும் மாரெக்கும். ரெண்டு பேரும் பஸ் ஓட்டப் போயிருக்காங்க. நான் இந்த அம்மாவோட இருக்கேன்.

டோல்மன்: எல்லாருமே இந்த அம்மாவோட வீட்லதான் இருக்காங்க.

டெரிக்: கெல்வின் இருக்கற மாதிரி இல்ல கண்ணு. மிஸ்டர் பிராக் இருந்தாரே, அந்த மாதிரி.

டோல்மன்: மிஸ்டர் பிராக்?

நோரீன்: என் புருஷன். செத்து ரொம்ப வருஷமாச்சு.

டெரிக்: செத்தப்புறம் இருந்த மாதிரி இல்ல. அதுக்கு முன்னாடி இருந்த மாதிரி.

டோல்மன்: அதாவது, நீங்க ரெண்டு பேரும் ஜோடி.

டெரிக்: பாத்தியா, நீயே சொல்லிட்ட.

டோல்மன்: ஜோடின்னா சட்டப்படி நீங்க ரெண்டு பேரும் ஒரே குடும்பம். வாடகைக்கு இருக்கறவங்க மீதி ரெண்டு பேருதான். லைசென்ஸே வேண்டாம். ரூமை அளக்கவும் வேண்டாம்.

டெரிக்: அப்படியா? எனக்கு இந்தச் சட்டமெல்லாம் எங்க தெரியுது.

டோல்மன்: உங்க முழங்கைக்கு அடியில இருக்கற எங்க நோட்டீஸ்ல அதுதான் போட்டிருக்கு. அந்த இடத்துல யாரோ அடிக்கோடு வேற போட்டிருக்காங்க.

டெரிக்: மாரெக்கா இருக்கும். இங்கிலீஷ் கத்துக்கறான்.

டோல்மன்: மேடம், இவர் சொல்றது உண்மையா?

நோரீன்: அவர்தானே ஆரம்பிச்சாரு. அவரே சொல்லட்டும். நானும் கேக்கறேன்.

டோல்மன்: சரி. ஜோடின்னா இவங்க ஏன் உங்களை "மிஸ்டர் ஹௌல்"னு கூப்பிடறாங்க?

டெரிக்: அது கப்பல் பழக்கம். நான் மீன்பிடிக் கப்பல்ல சமையல்காரன். கப்பல்ல வேண்டாதவனுக்கு ஆளுக்கு நாலு பட்டப்பேர் இருக்கும். ரொம்ப வேண்டியவங்களைத்தான் மரியாதையா கூப்பிடுவோம்.

டோல்மன்: மேடமும் கப்பல்ல இருந்தாங்களா?

நோரீன்: நான் கடல்ல கால் நனைச்சதே ரெண்டு தடவை. ரெண்டு தடவையும் ஜலதோஷம்.

டெரிக்: கூட இருந்தா பழக்கம் ஒட்டிக்கும் இல்லையா.

டோல்மன்: இவங்க பேரைச் சொல்லுங்க சார். மிசஸ் போடாம.

டெரிக்: பேரா?

டோல்மன்: பேருதான்.

டெரிக்: ... நோரீன்.

டோல்மன்: சரி.

டெரிக்: நோரீன்.

டோல்மன்: ஒரு தடவை போதும் சார்.

டெரிக்: தெரியும். எப்படி இருக்குன்னு சொல்லிப் பாத்தேன்.

நோரீன்: ... பிஸ்கட் எடுத்துக்கோங்க மிஸ் டோல்மன்.

டோல்மன்: எப்படி ஜோடியானீங்க? சுருக்கமா.

டெரிக்: சொல்றேன். ஆனா "நான், நான்"னு சொல்ல எனக்கு நாக்கு கூசும். டெரிக்னு ஒருத்தன் இருந்தான்னு வெச்சுக்குவோமா?

டோல்மன்: வெச்சுக்குவோம்.

டெரிக்: அந்த டெரிக் ஐஸ்லாந்துக்கு வடக்க போன கப்பல்ல சமையல் பாத்துகிட்டிருந்தான். அந்த வருஷக் குளிர் மாதிரி அதுக்கு முன்னும் இல்ல, பின்னும் இல்ல. வலையே போட வேண்டி வரல. காட் மீனெல்லாம் கடல்ல குளிர் தாங்க முடியாம தானா மேல ஏறி வந்து, எங்க ஐஸ் அறைக்குள்ள போய் வரிசையா படுத்துக்கிச்சு. அங்கதான் கதகதப்பா இருக்குன்னு.

டோல்மன்: மீன் அப்படிச் சொல்லிச்சா?

டெரிக்: ஒண்ணு சொல்லிச்சு. மத்ததெல்லாம் அதுக்குள்ள தூங்கிடுச்சு.

டோல்மன்: சார், நான் இன்னும் தெருவுல பாதி வீடு பாக்கணும்.

டெரிக்: வந்துட்டேன், கரைக்கு வந்துட்டேன். மாவு தீர்ந்து போய், ரொட்டியைக் கண்ணால பாக்காம ஊர் வந்து சேந்தவன், மூட்டையைக் கூட இறக்கி வெக்காம நேரா பேக்கரிக்குப் போறான். கவுன்ட்டர்ல ஒரு பொண்ணு நிக்குது. முடியெல்லாம் மாவு. அது நிமிந்து பாத்து, ரொட்டி முழுசா வேணுமா, துண்டு போட்டுத் தரவான்னு கேட்டுச்சு. டெரிக்குக்கு ரெண்டுல எதுன்னு சொல்லத் தெரியல. வாய் திறந்தபடியே இருக்கு, சத்தம் வரல.

நோரீன்: நான் அப்படிக் கேக்கல. பின்னால ஆள் நிக்கறாங்க, சீக்கிரம் சொல்லுங்கன்னுதான் சொன்னேன்.

டோல்மன்: மேடத்துக்கு அது ஞாபகம் இருக்கா?

நோரீன்: மீன் வாடையோட ஒரு ஆள் கடை நடுவுல வாயைப் பொளந்துகிட்டு நின்னா மறக்குமா? மேல சொல்லச் சொல்லுங்க.

டெரிக்: அந்தப் பொண்ணு கையில மோதிரம் இருந்துச்சு. பிராக்னு ஒருத்தர். டெரிக் விசாரிச்சுப் பாத்தான். குடிக்க மாட்டார், சூதாட மாட்டார், குரல் உயத்திப் பேச மாட்டார். ஒரு குறையும் கிடைக்கல. அதுதான் அவனுக்குப் பெரிய கஷ்டம். அதனால கரையில இருக்கற நாளெல்லாம் போய் ஒரு ரொட்டி வாங்குவான், அவ்வளவுதான். ஒண்டிக்கட்டை, எவ்வளவு தின்பான்? மீதியைக் கடற்கரையில கடல் காக்காய்க்குப் போட்டான். அதுங்க தின்னு தின்னுக் கொழுத்துப் போய், கடைசியில பறக்க முடியாம ரோட்டோரமா நடந்தே போக ஆரம்பிச்சுது. காக்கா ரோட்டைக் கடக்கற இடம்னு பலகை வெக்க வேண்டியதாப் போச்சு.

டோல்மன்: யாரு வெச்சாங்க?

டெரிக்: உங்க கவுன்சில்தான். நீ அப்பப் பொறந்திருக்க மாட்ட.

டோல்மன்: நம்ம தோர்ன்ஸீ கடற்கரையில அப்படி ஒரு பலகையை நான் பாத்ததே இல்ல.

டெரிக்: காக்காயெல்லாம் இளைச்சதும் கழட்டிட்டாங்க.

நோரீன்: கடையில எல்லாரும் கேலி பண்ணுவாங்க. உன் ரொட்டி வந்துட்டுதுன்னு.

டெரிக்: எனக்கு... அவனுக்கு அது தெரியாது.

நோரீன்: தெரிஞ்சிருந்தா?

டெரிக்: வேற கடையில வாங்கியிருப்பான். அவன் அப்படிப்பட்ட ஆள்.

டோல்மன்: இந்த வீட்டுக்கு எப்படி வந்தாரு, உங்க டெரிக்?

டெரிக்: பிராக் போனதுக்கப்புறம் இவங்க ரூம் வாடகைக்குன்னு ஜன்னல்ல அட்டை வெச்சாங்க. டெரிக் மழையில நின்னு அதைப் படிச்சான். சின்ன அட்டைதான், படிக்க அரை நாள் ஆச்சு. அப்புறம் கதவைத் தட்டி, ஒரு வாரத்துக்கு வேணும்னு சொன்னான். பெரிய ரூம்லயெல்லாம் ஆள் இருக்கு, பொட்டி வெக்கற ரூம் ஒண்ணுதான் மீதின்னு இவங்க சொன்னாங்க. பொட்டி மாதிரி இருந்துக்கறேன்னு அவன் சொன்னான்.

நோரீன்: இது உண்மை. இதைச் சொன்னாரு.

டோல்மன்: அப்புறம் ஜோடியாயிட்டீங்க.

டெரிக்: காலப்போக்குல.

டோல்மன்: அப்படின்னா ஏன் இன்னும் அந்தப் பொட்டி ரூம்ல தூங்கறீங்க? கட்டில் விரிச்சிருக்கு. உங்க கண்ணாடி, மாத்திரை எல்லாம் அங்கதான் இருக்கு.

டெரிக்: குறட்டை. நான் குறட்டை விட்டா துறைமுகத்துல படகு திசை மாறிடும். மூடுபனி நாள்ல என் குறட்டையைக் கேட்டுட்டுத்தான் கலங்கரை விளக்கையே ஏத்துவாங்க.

டோல்மன்: குறட்டைக்குப் பெரிய ரூம் கூடாதா? கெல்வினுக்கு முன்னாடி அந்த ரூம் காலியா இருந்திருக்குமே.

நோரீன்: ரெண்டு தடவை காலியாச்சு. வாங்க, அதே வாடகைதான்னு ரெண்டு தடவையும் கூப்பிட்டேன். வேண்டாம்னுட்டாரு.

டோல்மன்: ஏன் சார்?

டெரிக்: பெரிய ரூம்னா கனவும் பெருசா வரும். இந்த வயசுல தாங்காது.

டோல்மன்: சார்.

டெரிக்: கால் குளிரும். மூலைக்கு மூலை பேய்...

டோல்மன்: மிஸ்டர் ஹௌல், நான் எழுதணும். உண்மையைச் சொல்லுங்க.

டெரிக்: ... அந்த டெரிக்கையே சொல்ல வெக்கட்டுமா?

டோல்மன்: யார் சொன்னாலும் சரி.

டெரிக்: அந்தச் சின்ன ரூம் படிக்கட்டுக்கு நேர் மேல இருக்கு. இவங்க கீழ வேலையெல்லாம் முடிச்சுட்டு மேல வரும்போது, நாலஞ்சு படி ஏறி ஒரு இடத்துல நிப்பாங்க. முட்டி வலி. கைப்பிடியைப் பிடிச்சுகிட்டு ஒரு மூச்சு விடுவாங்க. அது சரியா அவன் தலைமாட்டுக்குக் கீழ. அப்புறம் மறுபடி ஏறி விளக்கை அணைப்பாங்க. கெல்வின் ரூம்ல அது கேக்காது. டெரிக் அங்க போய் நின்னு பாத்துட்டான், கேக்கல. அதனால வேண்டாம்னு சொன்னான்.

நோரீன்: ... சின்ன ரூமுக்கு வாடகை குறைச்சல், அதனாலன்னுதான் நான் நினைச்சுகிட்டிருந்தேன்.

டெரிக்: அதே வாடகைன்னு சொன்னீங்களே.

நோரீன்: ஆமா. சொன்னேன் இல்ல.

டோல்மன்: மேடம், ஃப்ரிட்ஜைக் கொஞ்சம் திறந்து பாக்கலாமா?

நோரீன்: பசிக்குதா?

டோல்மன்: இல்ல. நான் கட்டிலை நம்பறதில்ல. நான் வரேன்னு தெரிஞ்சா எல்லாரும் கட்டிலை மாத்திப் போட்டுடறாங்க, துணியைக் கலந்து தொங்க விட்டுடறாங்க. பாலை மட்டும் யாரும் யோசிக்க மாட்டாங்க. ஒரு குடும்பத்துக்கு ஒரு பால். தனித்தனி ஆளுங்கன்னா தனித்தனி பால். இதுவரைக்கும் தப்பினதில்ல.

டெரிக்: அந்த ஃப்ரிட்ஜ் கதவு சரியில்ல கண்ணு. திறந்தா மூடாது.

டோல்மன்: நல்லாத்தான் திறக்குது. நாலு பாட்டில். மூடியில பேர் எழுதி ஒட்டியிருக்கு. கெல்வின். மாரெக். இது பிராக். இது ஹௌல். அதுவும் ஆளுக்கு ஒரு தனி அடுக்குல.

டெரிக்: எனக்கு ஆடை எடுக்காத பால். இவங்களுக்குப் பாதி எடுத்தது. டாக்டர் உத்தரவு.

டோல்மன்: ரெண்டும் பச்சை மூடி. ரெண்டும் பாதி எடுத்ததுதான்.

டெரிக்: டாக்டர் இப்பதான் மாத்தினாரு.

டோல்மன்: சார். நான் இவ்வளவு நேரம் கேட்டுகிட்டிருந்தேன். நல்லா இருந்துச்சு, மீன் உட்பட. ஆனா இதை நான் ஜோடின்னு எழுத முடியாது. ஒரே வீட்ல ஆளுக்கொரு பால் வெச்சுக்கறவங்க...

நோரீன்: பாட்டில்தான் ரெண்டு. பால் ஒண்ணு.

டோல்மன்: என்ன மேடம்?

நோரீன்: அவர் வாங்கற பால் எத்தனை நாள் வருதுன்னு கேளுங்க.

டெரிக்: நான் திங்கட்கிழமை வாங்குவேனே. வாரம் பூரா வரும்.

நோரீன்: செவ்வாய்க்கிழமையே தீர்ந்துடும். காலையில கஞ்சிக்கு முக்கால் பாட்டில் ஊத்தற ஆளுக்கு வாரம் பூரா எப்படி வரும்? நீங்க துறைமுகம் பக்கம் நடக்கப் போவீங்க இல்ல, அப்ப என்னுதுலேருந்து உங்க பாட்டில்ல ஊத்தி வெச்சிடுவேன். தினமும்.

டெரிக்: ... டாக்டர்கிட்ட பாலைக் குறைச்சிட்டேன்னு சொல்லியிருக்கேன்.

நோரீன்: குறைக்கல.

டெரிக்: ஒரு பாட்டில்ல வாரத்தை ஓட்டறேன்னு கெல்வின்கிட்ட பெருமை பேசியிருக்கேன்.

நோரீன்: தெரியும். அவன் சிரிச்சுட்டு வந்து என்கிட்ட சொன்னான்.

டோல்மன்: இதை ஏன் மேடம் இவர்கிட்ட சொல்லல?

நோரீன்: சொன்னா அந்த நிமிஷமே போய் ரெண்டு பாட்டில் வாங்கிட்டு வந்து நிப்பாரு. அப்புறம் நான் எதை ஊத்தறது?

டோல்மன்: இது மாதிரி ஒண்ணை நான் இதுவரைக்கும் பாத்ததில்ல.

நோரீன்: கதவை மூடிடுங்க மிஸ் டோல்மன். பால் சூடாயிடும்.

டோல்மன்: மூடிட்டேன். இனி ஒரே ஒரு கேள்வி. அது வீட்டுக்குச் சொந்தக்காரங்க வாயாலதான் வரணும், இவர் சொல்லிப் பிரயோஜனமில்ல. மிசஸ் பிராக், நீங்களும் மிஸ்டர் ஹௌலும் புருஷன் பொண்டாட்டி மாதிரி சேந்து வாழறீங்களா?

டெரிக்: மிசஸ் பிராக், வேண்டாம். உங்களுக்குச் சங்கடமா இருந்தா விட்டுடுங்க. நான் எங்கயாவது இருந்துக்கறேன். பொட்டி மாதிரி ஆளுதானே, எங்க வெச்சாலும் இருக்கும்...

நோரீன்: பேசாம இருங்க. அவங்க கேக்கறது என்னைத்தானே... வாழறோம்.

டோல்மன்: எப்பலேருந்து?

நோரீன்: அது எனக்கே இப்பதான் புரியுது. "கொஞ்ச காலமா"ன்னு போட்டுக்க முடியுமா?

டோல்மன்: போட்டுக்கலாம். ஒரே குடும்பம், ரெண்டு வாடகை ஆள். லைசென்ஸ் தேவையில்ல. டீக்கு நன்றி மேடம். மிஸ்டர் ஹௌல், ஒரு விஷயம்.

டெரிக்: சொல்லு கண்ணு.

டோல்மன்: குளிர் போனதும் இந்தத் தெருவுக்கு மறுபடி ஒரு சுத்து வருவேன். அப்ப அந்தச் சின்ன ரூம்ல கட்டில் இருந்தா, நான் அளக்க வேண்டி வரும். துணி காயப்போடற ரூமா இருந்தா எட்டிக்கூடப் பாக்க மாட்டேன்.

டெரிக்: ஆனா குறட்டை...

டோல்மன்: அவங்க காதுல பஞ்சு வெச்சுக்கட்டும். வரேன்.

நோரீன்: பாத்துப் போங்க. வாசப்படி வழுக்கும்.

டெரிக்: கதவை நான் சாத்திக்கறேன்.

நோரீன்: போயாச்சா?

டெரிக்: போயாச்சு. அடுத்த வீட்டுக் கதவைத் தட்டறா.

நோரீன்: உக்காருங்க.

டெரிக்: நின்னுக்கறேன். மிசஸ் பிராக்... தப்பா எடுத்துக்காதீங்க. ரூம் போயிடும்னு சொன்னதும் எனக்கு வேற வழி தெரியல. வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லிட்டேன்.

நோரீன்: கடல் காக்கா நடந்து போனது?

டெரிக்: நடுநடுவுல கொஞ்சம் பறந்துச்சு.

நோரீன்: மீன் பேசினது?

டெரிக்: பேசிச்சுன்னு சொல்ல முடியாது. முணுமுணுத்துச்சு.

நோரீன்: என் மூச்சு கேக்கறது?

டெரிக்: ... டீ ஆறிடுச்சு. வேற போடட்டுமா?

நோரீன்: போடலாம். அதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லணும். நீங்க கோவிச்சுக்கக் கூடாது.

டெரிக்: உங்க மேலயா?

நோரீன்: கெல்வினும் மாரெக்கும் சனிக்கிழமை காலி பண்றாங்க. என்கிட்ட போன வாரமே சொல்லிட்டாங்க. அதை வாசல்லயே அந்தப் பொண்ணுகிட்ட சொல்லியிருந்தா, "அப்ப வாடகைக்கு இவர் ஒருத்தர்தானா"ன்னு கேட்டுட்டு, டீ கூட குடிக்காம போயிருப்பா. உங்க ரூமுக்கு ஒரு ஆபத்தும் இல்ல. நீங்க ஒரு பொய்யும் சொல்லியிருக்க வேண்டாம்.

டெரிக்: அப்ப ஏன் சொல்லல?

நோரீன்: சொல்லத்தான் வாயெடுத்தேன். அதுக்குள்ள நீங்க மேசை மேல கையை வெச்சுட்டீங்க. இத்தனை வருஷத்துல என் முன்னால நீங்க பேசினதெல்லாம் மழை வருமா, குழாய் ஒழுகுதான்னுதான். இன்னைக்கு என்னைப் பத்திப் பேசறீங்க. நிறுத்த மனசு வரல... என்ன, ரெண்டு பேரும் போறாங்கன்னு சொல்றேன், முகத்துல ஒரு அசைவும் இல்லையே.

டெரிக்: ரூமுக்கு ஆபத்து இல்லன்னு எனக்கும் தெரியும். பஸ் டிப்போ பக்கத்துல, முடிவெட்டற கடைக்கு மேல இருக்கற அந்த வீட்டை அவங்களுக்குப் பாத்துக் குடுத்ததே நான்தான்.